மூன்று தெருக்களின் தேசாதிபதி

பெரிய வெள்ளி நாடகத்தில்
பதினேழு வருஷமாய் நான்தான் பிலாத்து.
தாடி வளராத முகம், அதுதான் தகுதி.
சிவப்பு அங்கி, பழைய திரைச்சீலை.
எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த மார்க்கவசம்,
உள்ளே இன்னும் கடலை எண்ணெய் வாசம்.

மற்ற நாளெல்லாம் குடிநீர் வாரியத்தில்
வால்வு திறக்கிற ஆள்.
இடுப்புயர இரும்புச் சாவி.
காசிமேட்டில் மூன்று தெரு என் ஆட்சியில்.
விடிகாலை நாலு மணிக்கு நான் குனிந்தால்
குடங்கள் நிமிரும்.
அரைச் சுற்று குறைத்தால்
கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும்.

வேஷத்துக்காக அவனைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன்.
யூதேயாவைப் பத்து வருஷம் ஆண்டிருக்கிறான்.
செம்புக்காசு அடித்திருக்கிறான்,
ஒன்றில் வளைந்த தடி, ஒன்றில் அகப்பை.
என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று:
ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக்
கால்வாய் கட்டினானாம்,
கோயில் பணத்தில் கைவைத்து.
ஜனம் கூடிக் கத்தியபோது
கூட்டத்துக்குள் மாறுவேடச் சிப்பாய்கள்,
துணிக்கு அடியில் தடி.
தண்ணீர், புகார், அடிதடி.
அட, நம்ம டிபார்ட்மென்ட்.

அப்புறம் ஒரு மலையடியில்
சமாரியரை வெட்டிய விவகாரம்.
விளக்கம் சொல்ல ரோமாபுரிக்குப் போ என்றார் மேலதிகாரி.
போய்ச் சேருவதற்குள் பேரரசர் செத்துப்போனார்.
ஃபைல் அங்கேயே நின்றுவிட்டது.
அவன் எங்கே போனான், எப்படிச் செத்தான்,
யாருக்கும் தெரியாது.
பிணத்தை ஆற்றில் போட்டார்கள்,
ஆறு வேண்டாம் என்று வெளியே தள்ளியது
என்று ஒரு கட்டுக்கதை.
எந்த ஆறு வேண்டாம் என்று சொல்லும்?
எங்கள் கொசஸ்தலையைக் கேளுங்கள்,
சாம்பல், எண்ணெய், அமிலம்
எதைத்தான் மறுத்தது அது?

மிச்சம் ஒரு கல்.
ஏதோ நாடக அரங்கில் படிக்கல்லாய்க் கிடந்ததாம்,
பேரின் முன்பாதி உடைந்து.

டெல்வின் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.
அந்த வறண்ட வருஷம்
இரண்டாம் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை.
மோட்டார் வைத்து இழுப்பது யாரென்று எனக்குத் தெரியும்,
இரும்பில் காது வைத்தால் போதும்.
மாடி வீடு. வாசலில் கட்சிக் கொடி.
கூட்டம் பிடித்ததோ
ஐஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பையனை.
"இவந்தான் சார் பைப்ப அறுத்தது."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
வாரியத்துச் சட்டை நான் ஒருத்தன்தான் போட்டிருந்தேன்.
"நா வால்வு தொறக்கறவன்பா,
எனக்கு இன்னா தெரியும்."
சொல்லிவிட்டுக் கைப்பம்பில்
கிரீஸ் போகக் கையை அலம்பினேன்.
நிஜமாகவே கிரீஸ்தான்.

அவனுக்கு இடது காது போயிற்று.
இப்போது மங்களூரில் போட்டுக்குப் போகிறானாம்.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம்.
ஆண்டவர் பேரை விட்டால்
அதில் மனுஷப் பேர் இரண்டுதான்.
ஒன்று பெற்றவள் பேர். மற்றது இவன் பேர்.
பேதுரு இல்லை.
யூதாஸ்கூட இல்லை.
அந்த இடம் வரும்போது
பக்கத்தில் இருப்பவர்களின் குரலில்
ஒளிந்துகொள்வேன்.

இந்த வருஷம்
செம்பு பிடிக்கிற பையனுக்குக் காய்ச்சல்.
துறைமுகக் காற்றில் திரை அடித்துக்கொள்ள,
டெல்வினைப் பெற்ற சலேத்தம்மா
செம்போடு மேடையேறினாள்.
யார் அனுப்பியதென்று இன்றுவரை கேட்கவில்லை.
வசனத்தைச் சொல்லிக் கையை நீட்டினேன்.
அவள் ஊற்றவில்லை.
மைக்கில் காற்று மட்டும் இரைந்தது.
ஓரத்திலிருந்து மிக்கேல்தாஸ்
"ஊத்தும்மா, ஊத்து" என்று கையை ஆட்டினார்.

ஊற்றினாள்.
கொஞ்சமாக,
ஒரு சொட்டு வெளியே சிந்தாமல்
கீழே பேசினைச் சரியாகப் பிடித்து.
பிறகு மைக்குக்குக் கேட்காமல் சொன்னாள்:
"நாளைக்கி ரெண்டாந் தெருவ மொதல்ல தொற."

தலையாட்டினேன்.
அந்த இடத்தில்
பிலாத்துக்கு வசனம் கிடையாது.